குழலுக்குள் ஒன்று

துப்பாக்கி எண்ணெய் பட்ட துணியை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. வாடை போகவே போகாது. ஒரு தடவை தெரியாமல் தலையணை உறைகளோடு போட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிள் கடைக்குள் படுத்திருப்பது போலத் தூங்கினோம். அதற்குப் பிறகு அந்தத் துணிக்கென்று ஓட்டை விழாத பழைய வாளி ஒன்று, தனிச் சோப்பு, கொடியில் தனி இடம் என்று ஏற்பாடு செய்துவிட்டேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியும் கடவுளே. உனக்குத் தெரியாதது எது. ஆனாலும் எல்லாம் தெரிந்த உன்னிடம்தான் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியாதவர்களிடம் முன்னே பின்னே சொல்லிச் சமாளித்துவிடலாம். அவர் காலை நடைக்குப் போயிருக்கிறார். திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். பட்டாணி உரித்துக்கொண்டே சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கை சும்மா இருந்தால் எனக்கு வாய் வராது.

என் வீட்டுக்காரர் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் துப்பாக்கியோடு நிற்கிறார்களே, அவர்களுக்கு. அதை எப்படிப் பிடிப்பது, எப்படித் துடைப்பது, எப்போது தொடாமல் இருப்பது என்பதெல்லாம் இவர்தான் சொல்லிக் கொடுப்பார். அவர்கள் இவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துச் சுத்தம் செய்வார்.

வகுப்பில் சொல்வதை முதலில் என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பார். தலை சீவிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து ஆரம்பிப்பார். "துப்பாக்கி காலின்னு எவன் சொன்னாலும் நம்பாத. உன் கண்ணு பாக்கணும். அப்புறம் உன் சுண்டு விரல் பாக்கணும். சொல்றவன் சாமியாவே இருந்தாலும் சரி." உன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அடியில் செருகியிருக்கும் மேகசினை உருவினால் மட்டும் போதாது. அதில் தோட்டாக்கள் வந்துவிடும், ஆனால் குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் அது துள்ளி வெளியே விழும். விழுந்த பிறகும் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்த பிறகும் விரலை விட்டுத் தடவ வேண்டும். எடுத்த தோட்டாக்களைச் சுத்தம் செய்கிற அறையிலேயே வைத்திருக்கக் கூடாது, வேறு அறையில் வைக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டு போதும். இவர் கிரீச்சிடுகிற கதவுக்கு ஊற்றுவது போல ஊற்றுவார், அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மேகசினை உருவிவிட்டுத் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். துப்பாக்கியின் வாய் சமையலறையைப் பார்த்திருந்தது. நான் கரண்டியோடு வாசலில் நின்றேன்.

"ஏங்க, உள்ள ஒண்ணு இருக்கும்ல?"

என்னைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். ஸ்லைடை இழுத்தார். தோட்டா துள்ளிப் போய் அவருடைய தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் உட்காருவதற்கு முன்பே நான் அந்த வேலையை முடித்துவிடுவேன். தவறிச் சுட்டாலும் குண்டு அதில் புதையட்டும் என்று படுக்கையறை மூலையில் ஒரு மணல் வாளி இருக்கிறது. துப்பாக்கியை அதன் பக்கமாகப் பிடித்து, மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, எட்டிப் பார்த்து, விரலை விட்டுத் தடவி, தோட்டாக்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்துவிடுவேன். பிறகு காலி மேகசினை மறுபடி செருகி, தூரிகை, கம்பி, எண்ணெய், துணி எல்லாவற்றோடும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். யாரும் கேட்காமல் செய்த சின்ன உதவி. உன் பார்வையில் அப்படிப்பட்டவைதான் பெரியவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் "எடுத்தாச்சா?" என்பார். "ஆச்சு" என்பேன். அப்படியும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு கேட்பார், ஆனால் பார்க்க மாட்டார். பிறகு கேட்பதும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த வகைத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை ஒரு தடவை அழுத்தியாக வேண்டும். காலியாக இருந்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அழுத்தும்போது மணல் வாளியைப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். பாடம் அப்படியே இருந்தது. அவர்தான் மாறிப்போனார். வாளி பக்கம் எழுந்து போகச் சோம்பல். நாற்காலியில் சாய்ந்து, ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கிறவர் போல அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பேச்சுவாக்கில் டிக்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலிதானே என்று விட்டுவிட்டேன். அவருடைய கவனம் குறையக் குறைய என்னுடைய கவனம் கூடியது. செடிக்கு ஊற்றுவது போல அவருடைய அஜாக்கிரதைக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்றினேன். அதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. அப்போது கிடையாது.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போனது. குடியிருப்போர் சங்கத்தில் இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். கூடம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். இவர் நன்றாகப் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் எதிர் வீட்டு டீச்சர் எழுந்து, "சார், வீட்டுலயே வச்சிருக்கீங்களே, அக்காவுக்குப் பயமா இருக்காதா?" என்று கேட்டார்.

"அவளா?" என்றார் இவர். "அவளுக்கு அது எந்தப் பக்கமா சுடும்னே தெரியாதே. அவளத் தொட விட்டா அப்புறம் நான் என்ன வாத்தியார்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு இவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "எங்க மாட்டலாம்?" என்று என்னிடம் கேட்டார். ஆணி அடிக்கும்போது ஸ்டூல் ஆடாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

நான் கோபப்படவில்லை. இதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னதை யோசித்தேன், அவ்வளவுதான். நான் தொடுவதில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். அப்புறமும் நான் தொட்டால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். புருஷனைப் பொய்யராக்குகிற பெண்டாட்டி நானில்லை. அதனால் இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தட்டில் எடுத்து வைக்கத் தொட வேண்டுமே என்று நீ கேட்கலாம். துணியால் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்திருந்தார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர். விருந்தாளி வருகிறாரே என்று முந்தின நாளே டீச்சர் வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வைத்திருந்தேன். காலையில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடப் போகிறது என்ற அவசரத்தில், தோட்டாக்களை எடுக்க மறந்துவிட்டேன், குழலுக்குள் இருந்த அந்த ஒன்றையும் சேர்த்து. போலீஸாரிடமும் இப்படித்தான் சொன்னேன்.

தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். இவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணி, இவரு கையில அது பொம்ம மாதிரி இருக்கு பாருங்க" என்றார் ரேடியோ.

"பொம்மதான்டா. வாத்தியார் கைல பொம்ம, முட்டாள் கைல எமன்" என்றார் இவர். "இத்தன வருஷத்துல என் மேல ஒரு கீறல் உண்டா, சொல்லு?"

"அண்ணிகிட்ட திட்டு வாங்கின காயத்தத் தவிர வேற எதுவும் இல்ல."

"அவளா? அவ வாயே தொறக்க மாட்டாடா."

நான் வாய் திறக்கவில்லை. இவர் மேகசினை உருவித் துணிமேல் வைத்தார். அதில் தோட்டாக்கள் இருந்ததைக் கூடப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். துப்பாக்கியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "எடுத்தாச்சா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் நான் இதுவரை நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னதில்லை. அவர் கேட்கவில்லை.

அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் நின்னுட்டே இருக்க? முட்டி வலிக்குதுன்னு காலைல சொன்னியே. உக்காரு."

சொன்னதோடு விடாமல், இடது கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த நாற்காலியை எனக்காக இழுத்தார். இழுத்ததில் உடம்பு திரும்பியது. உடம்போடு துப்பாக்கியும் திரும்பியது. வலது கை விரல் மட்டும் பழக்கப்பட்ட வேலையைப் பழக்கப்பட்ட நேரத்தில் செய்தது.

சத்தம் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை என்று ஊரில் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பெரிய பலகையைத் தரையில் போட்டது போல இருந்தது. எதிர்ச் சுவரோரம் இருந்த பிரிட்ஜ் ஒரு தடவை இருமியது. அதன் கதவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஓட்டை. அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ கசிந்து தரையில் ஓடி வந்தது. ரேடியோ அதைப் பார்த்தார். "அண்ணி" என்று மிக மெதுவாகச் சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் வழுக்கிப் போனார். வாழ்க்கையிலேயே அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான். அவருக்கு ஒன்றுமில்லை, மயக்கம். கசிந்தது தர்பூசணியும் பாலும்.

"அக்கா, குக்கர் வெடிச்சிருச்சா?" என்று டீச்சர் வெளியே கதவைத் தட்டினார்.

இவர் துப்பாக்கியை யாரும் இல்லாத பக்கமாகப் பிடித்தார். ஸ்லைடை இழுத்தார். எட்டிப் பார்த்தார். சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு துணிமேல் வைத்துவிட்டு அழுதார். பாடம் சொன்ன மாதிரி இவர் எல்லாவற்றையும் செய்து நான் பார்த்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"உன்னக் கொன்னிருப்பேனே. பிரிட்ஜ் பக்கமாத்தானே நீ எப்பவும் போயிட்டு வந்துட்டு இருப்ப" என்றார். "எடுத்தியான்னு நான் கேக்கவே இல்லையே."

"கேக்கலதான்" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குத் தன் வயிற்றைப் பற்றிய ஞாபகமே வரவில்லை. இது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அவரே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, உரிமமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டைப் பார்க்க வந்த ஏட்டையா பிரிட்ஜைத் திறந்து ரொம்ப நேரம் ஆராய்ந்தார். "ஆக, செத்தது இது மட்டும்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா பழுத்த பழம்" என்று வருத்தப்பட்டார். கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடிந்தது. அவருக்கு நான் காபி கொடுத்தேன். பால் டீச்சர் வீட்டில் கடன் வாங்கினேன்.

பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. இவர் சங்கத்துக் கூடத்தில் எல்லோரையும் மறுபடி கூட்டினார். அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். கேடயத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போயிருந்தார்.

"போன தடவ இங்க ஒரு பொய் சொன்னேன்" என்றார். "என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். வாராவாரம் தோட்டாவ எடுத்து என்னக் காப்பாத்தினது அவதான். நான் பேரு வாங்கிட்டேன். ஒரு நாள் அவ மறந்துட்டா. மறக்க அவளுக்கு உரிமை இருக்கு, அது அவ வேலையே இல்ல. பாக்காம அமுக்கினது நான். பாக்காதவன் பாடம் எடுக்கக் கூடாது. நான் வேலைய விட்டுட்டேன்."

கேடயத்தை என் மடியில் வைத்தார். கூடம் எழுந்து நின்று கை தட்டியது. தொடையில் தட்டிச் சிரித்த அம்மாள் இப்போது மூக்கைச் சிந்தினார். டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ செஞ்சிட்டு ஒரு வார்த்த சொல்லலையே அக்கா நீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்குப் பொருத்தமாக இருந்தது என்று பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். நீ காத்திருப்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் பால் அடுப்பில் இல்லை. பிரிட்ஜில் இருந்தது. தரையில் தர்பூசணியோடு கலந்து ஓடியபோதே அது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏட்டையா அதில் காலை வைத்து வழுக்கவும் செய்தார். யாரும் யோசிக்கவில்லை. நல்லவள் என்று ஒருத்தியை முடிவு செய்துவிட்டால், அவள் சொல்கிற பாலை யாரும் அடுப்பில் தேடுவதில்லை.

நான் மறக்கவில்லை. மணல் வாளிக்கு முன்னால் நின்று ஸ்லைடின் மேல் விரலை வைத்தேன். இழுக்க ஒரு மூச்சு நேரம் ஆகும். கூடத்தில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டேன். அவர் அதை வயிற்றோடு அணைத்துப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். கேட்க மாட்டார் என்று தெரியும். கேட்காதபடிக்குப் பழக்கியதே நான்தான்.

நாற்காலியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கொழுந்தன் சாப்பிட வருவதற்கு யாரும் ஒரு அடுக்கு நாற்காலி கடன் வாங்குவதில்லை. சனிக்கிழமையே யோசித்தேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் வீடு நிறைய ஆட்கள் வந்துவிடுவார்கள், வந்தவர்களை நிற்க வைக்கக் கூடாது என்று. வெளிர் நிறப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்தேன். கிளம்பி வர வசதியாக இருக்கட்டும் என்று தூரத்து உறவுகளின் போன் நம்பர்களைக் கூட முதல்நாள் சரிபார்த்து வைத்தேன். எல்லோருடைய வசதியையும் நினைத்தேன்.

அந்த அடுக்கில் ஒன்றைத்தான் அவர் எனக்காக இழுத்தார். தன் சாவு வீட்டுக்கு என்று நான் வாங்கி வைத்ததை, என் முட்டி வலிக்கிறது என்று இழுத்துப் போட்டார். அது உன் வேலைதான் என்று எனக்குத் தெரியும். நீ மின்னலை அனுப்பியிருக்கலாம், போன் மணியை அடித்திருக்கலாம். நீ ஒன்றும் செய்யாமல், அவரிடம் மிச்சம் இருந்த கொஞ்சூண்டு அக்கறையை எழுப்பிவிட்டுப் போய்விட்டாய். இவ்வளவு சிக்கனமாக ஒரு உயிரைக் காப்பாற்ற உன்னால்தான் முடியும்.

இதையெல்லாம் அவரிடமே சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். "ஏங்க, அன்னைக்கி நான் மறக்கலைங்க" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "எனக்காகப் பழிய உன் மேல போட்டுக்காத" என்றார். அதற்கு மேல் சொன்னால் அவர் மனம் கஷ்டப்படும். விட்டுவிட்டேன்.

இப்போது நான் முழுக்க மாறிவிட்டேன். இதை நீ நம்பலாம். அவரும் மாறிவிட்டார். கூடவே காய் நறுக்குகிறார், துணி மடிக்கிறார், கொடியில் நான் எட்டாததை எட்டி எடுக்கிறார். அன்றைக்கு அடித்த படபடப்பில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வெள்ளையில் ஒன்று, வெளிர் மஞ்சளில் ஒன்று. மஞ்சளை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஆபத்து, வீட்டம்மாதான் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். நானும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அட்டையில் பெயரைப் படித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன்.

முதல் சில நாள், "இதுதானே?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. பேப்பர் படித்துக்கொண்டே குழந்தை மாதிரி வாயைத் திறக்கிறார். நேற்றுக் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு, அதே வாயைத் திறந்தார்.

வாசல் கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். ஒரு தடவையாவது என்னவென்று பார்த்துவிட்டு முழுங்குங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொல்லிவிட்டால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.